சாவி வாங்கிய பிறகு தொடங்கும் தலைவலி: அடுக்குமாடிக் குடியிருப்புகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம் எழும்ப மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். அதன்பின் அது ஐம்பது ஆண்டு நிற்க வேண்டும். நகர நிர்வாகம் அந்த முதல் நான்கு ஆண்டுகளைத்தான் கவனிக்கிறது: திட்ட அனுமதி, தளப்பரப்புக் குறியீடு (மனையின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு), பணி நிறைவுச் சான்று. அதற்குப் பிந்தைய ஐம்பது ஆண்டும், மாதம் ஒருமுறை கூடி செக்யூரிட்டி சம்பளத்துக்கும் நாய்க்குட்டிக்கும் சண்டை போடும் அசோசியேஷன் தலையில் விழுகிறது. கீழே வரும் தவறுகளில் சில அரசு செய்வது, சில பில்டர் செய்வது, சில குடியிருப்போரே செய்வது.

குழாய் வருமுன் மாடி ஏற்றுவது

2019இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள், சாதாரணக் கட்டடங்களுக்கான தளப்பரப்புக் குறியீட்டை 1.5இலிருந்து 2 ஆக உயர்த்தின. உயரமான கட்டடங்களுக்கு 3.25. சாலை 18 மீட்டர் அகலம் இருந்தால், கட்டணம் கட்டி அதற்கு மேலும் 50 சதவீதம் வரை வாங்கலாம். நிலம் அருகிப்போன நகரத்தில் உயரமாகக் கட்டுவது சரிதான். ஆனால் அனுமதிக்கு அளவுகோல் சாலையின் அகலம். அந்தச் சாலைக்கு அடியில் என்ன குழாய் போகிறது என்பது அதே கண்டிப்போடு கேட்கப்படுவதில்லை.

கணக்கு எளிது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசின் குடிநீர்க் கையேட்டு அளவு. 100 வீடு, வீட்டுக்கு நான்கு பேர் என்றால் தினம் 54,000 லிட்டர். குழாயில் வரவில்லையென்றால் 12,000 லிட்டர் லாரி நான்கரை. அதில் 80 சதவீதம், சுமார் 43,000 லிட்டர், கழிவுநீராக வெளியே போக வேண்டும். முன்பு நான்கு தனிவீடுகள் இருந்த தெருவின் சாக்கடைக் குழாய் இதைத் தாங்காது. பழைய மகாபலிபுரம் சாலையில் நடந்தது இதுதான். ஐடி விரைவுச்சாலை 2008இலேயே திறந்துவிட்டது. ஓரத்து ஊர்களில் பல 2011இல்தான் மாநகராட்சிக்குள் வந்தன. அதற்குள் கோபுரங்கள் எழுந்து, லாரித் தண்ணீரும் கழிவுநீர் லாரியும் அங்கே அன்றாட ஏற்பாடாகிவிட்டன.

அனுமதிக் கோப்பில் ஒரு பக்கம் கூடுதலாக வேண்டும்: பக்கத்துக் கழிவுநீரேற்று நிலையத்தின் கொள்ளளவு எவ்வளவு, இப்போது வருவது எவ்வளவு, இந்தத் திட்டம் சேர்ப்பது எவ்வளவு. மிச்சம் இல்லையென்றால் குடியேற்றத்தைக் கட்டம் கட்டமாக அனுமதிக்கலாம். பில்டரிடம் வாங்கும் உள்கட்டமைப்பு மற்றும் வசதிக் கட்டணம் பொதுக் கருவூலத்தில் கரைந்துபோகாமல், அந்தப் பகுதியின் குழாய்க்கே செலவானதை வார்டு வாரியாகக் கணக்குக் காட்ட வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைகளில் பொதுத் திறந்தவெளிக்காக ஒப்படைக்கும் 10 சதவீத நிலமும் அப்படியே. காம்பவுண்டுக்குள் சிக்கி, அசோசியேஷன் பூங்காவாக மாறிவிட்ட துண்டுகளை மாநகராட்சி அளந்து, வேலியைத் திருப்பிப் போட்டாலே பல தெருக்களுக்கு விளையாட்டுத் திடல் கிடைக்கும்.

எஸ்டிபியை ஒரு மோட்டார் என்று நினைப்பது

20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டும் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தேவை. எஸ்டிபி எனப்படும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் அதோடு வந்துவிடும். காகிதத்தில் அது இயங்கும். அடித்தளத்தில் பல இடங்களில் மூச்சு முட்டும்.

அங்கே வேலை செய்வது நுண்ணுயிர். அதற்குச் சோறும் வேண்டும், காற்றும் வேண்டும். 200 வீட்டுக்குக் கட்டிய நிலையத்தில் முதல் ஆண்டு 40 வீட்டுக் கழிவுதான் வரும். சோறு போதாமல் நுண்ணுயிர் செத்துவிடும். அந்த நாளில் தொட்டிகளில் ஒரு பகுதியை மட்டும் ஓட்ட வேண்டும். நன்றாக ஓடும் வேறொரு நிலையத்திலிருந்து சேறு கொண்டுவந்து விதைக்க வேண்டும். அடுத்த தவறு அசோசியேஷனுடையது. மின்கட்டணத்தைப் பார்த்துப் பதறி, தொட்டிக்குள் காற்று ஊதும் புளோயரை இரவில் நிறுத்தச் சொல்வார்கள். சில மணி நேரத்தில் காற்றில்லாமல் வாழும் பாக்டீரியா தலைதூக்கும், சேறு கறுக்கும், அழுகிய முட்டை நாற்றம் லிஃப்ட் வழியாக மேலே ஏறும். காற்றூட்டும் தொட்டியில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் இருக்க வேண்டும். அதற்குக் குறையாமல் புளோயரின் வேகத்தைக் குறைக்கும் கருவி போட்டு மிச்சம் பிடிப்பதுதான் வழி.

நிலையம் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கப் பொறியாளர் வேண்டியதில்லை. காற்றூட்டும் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் அளவுக் குடுவையில் எடுத்து, ஆட்டாமல் 30 நிமிடம் வையுங்கள். சேறு 250 முதல் 350 மில்லி கோட்டுக்குள் படிந்து, நிறம் காப்பிப்பொடி போல இருந்து, மேலே நிற்கும் நீர் தெளிவாக இருந்தால் சரி. 100க்குக் கீழே என்றால் நுண்ணுயிர் போதவில்லை. 600க்கு மேல் என்றால் சேற்றை வெளியேற்றவில்லை. கருப்பு என்றால் காற்றில்லை. தினமும் இந்த எண்ணை எழுதி, நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொல்லுங்கள். ஒப்பந்தக்காரரின் மாதாந்தர அறிக்கையைவிட இது நம்பகமானது.

வீடுகளுக்கும் பங்கு உண்டு. கழிப்பறையில் தாராளமாக ஊற்றும் ஆசிட், பிளீச்சிங், பொரித்த எண்ணெய் எல்லாம் அங்கேதான் போய்ச் சேர்கிறது.

நிலையம் நின்றுவிட்டால் கழிவுநீர் லாரியைக் கூப்பிடுவார்கள். அது எங்கே கொட்டுகிறது என்று எவரும் கேட்பதில்லை. நகரம் கேட்க வேண்டும்: எடுத்த இடம், கொட்டிய நிலையம், நேரம் மூன்றும் பதிந்த ரசீது இல்லாமல் லாரிக்குப் பணம் தரக்கூடாது என்று அசோசியேஷன்களுக்கே விதி போடலாம். தொட்டிக்குள் ஆளை இறக்குவது பற்றிப் பேசவே கூடாது. பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் அப்படி இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டப்படி குற்றம். கழிவுநீர்ப் பணியில் உயிர்போனால் 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. "ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்துட்டு வந்துடுப்பா" என்று சொல்லும் செயலாளருக்கும் அந்தப் பொறுப்பு உண்டு.

வீட்டுக்கு ஐந்து குழாய் விடுவது

நம் அடுக்குமாடிகளில் ஒவ்வொரு குளியலறைக்கும் சமையலறைக்கும் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து தனித்தனியாகக் குழாய் இறங்கும். ஒரே வீட்டுக்கு மூன்று முதல் ஐந்து நுழைவாய். பின்னால் மீட்டர் போட நினைத்தால் வீட்டுக்கு ஐந்து மீட்டர் போட வேண்டும். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். கட்டும்போதே ஒரே நுழைவாயாக வளைத்துக் கொண்டுவந்திருந்தால் செலவு சொற்பம். இதைத் திட்ட அனுமதியின் நிபந்தனையாக்குவதற்கு நகரத்துக்கு ஒரு பைசா செலவில்லை. மீட்டர் வந்ததும் முதலில் பிடிபடுவது, இரவெல்லாம் சத்தமில்லாமல் கசியும் ஃப்ளஷ் டேங்க்.

மழைநீர்ச் சேகரிப்பு 2003இலேயே தமிழகம் முழுக்கக் கட்டாயமாயிற்று. பல வளாகங்களில் அந்தக் கிணறு இப்போது கூழாங்கல் நிரம்பிய பூச்சாடி. சென்னையின் சராசரி மழை ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர். 10,000 சதுர அடி மொட்டைமாடியில் 80 சதவீதம் பிடித்தாலும் 10 லட்சம் லிட்டருக்கு மேல், அதாவது 86 லாரி. மாடிநீரை வடிகட்டி நேரே சம்ப்புக்கு விடுங்கள், தரைநீரை மட்டும் கிணற்றுக்கு. வடிகட்டியையும் உறிஞ்சுகிணற்றையும் செப்டம்பருக்குள் தூர்வார வேண்டும். அக்டோபரில் ஆள் தேடினால் கிடைக்கமாட்டார்.

லைட் எரிகிறது என்று கையெழுத்துப் போடுவது

பில்டரிடமிருந்து பொதுப் பகுதிகளைப் பொறுப்பேற்கும் நாளில் பல அசோசியேஷன்கள் ஒரு சாவிக்கொத்தும் லிஃப்ட் கம்பெனியின் தொலைபேசி எண்ணும் வாங்கிக்கொண்டு வந்துவிடுகின்றன. கேட்டு வாங்க வேண்டியவை: அனுமதி பெற்ற வரைபடம், பணி நிறைவுச் சான்று, கட்டமைப்பு வரைபடங்கள், உண்மையில் பதித்தபடி வரைந்த குழாய், மின் வரைபடங்கள், லிஃப்ட் உரிமம், தீயணைப்புத் துறைச் சான்று, மாசுக்கட்டுப்பாட்டு வாரிய இசைவு, தாய்ப்பத்திரம், வீட்டுக்காரர்களிடம் வசூலித்த கார்பஸ் (பராமரிப்பு வைப்புநிதி) தொகையின் கணக்கு. வரைபடம் இல்லாத கட்டடத்தில் பத்தாவது ஆண்டில் கசிவு வந்தால், சுவரை உடைத்துத்தான் குழாயைத் தேட வேண்டியிருக்கும்.

சோதனையும் வேண்டும். மின்சாரத்தை நிறுத்தி, லிஃப்ட், மோட்டார் எல்லாம் ஓட ஜெனரேட்டரை முழுச் சுமையில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். தீயணைப்புப் பம்ப்பின் சுவிட்ச் தானியங்கியில் இருக்கிறதா என்று பாருங்கள். பாதி இடங்களில் அது கைமுறையில் கிடக்கும். முடிந்தால் ஒரு வடகிழக்குப் பருவமழை கழிந்தபின் கையெழுத்து. ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் தெரியும் கட்டமைப்புக் குறையைப் பணம் வாங்காமல் 30 நாளில் சரிசெய்ய வேண்டும் என்கிறது 2016 ரியல் எஸ்டேட் சட்டம். வாட்ஸப்பில் புலம்புவது புகாராகாது. தேதி போட்ட கடிதம், ஒப்புகை அட்டை, படம் வேண்டும்.

மின்பலகையும் ஜெனரேட்டரும் அடித்தளத்தில் இருந்தால், அது 2015 டிசம்பரிலேயே கற்றிருக்க வேண்டிய பாடம். வெள்ளம் வந்த முதல் இரவிலேயே தண்ணீர், லிஃப்ட், விளக்கு மூன்றும் சேர்ந்து போகும். வெள்ளக்கோட்டுக்கு மேல்தான் இவை என்று நகரம் விதியாகவே எழுதலாம்.

மெயின்டனன்ஸ் குறைவு என்று பெருமைப்படுவது

சதுர அடிக்கு இரண்டு ரூபாய்தான் வாங்குகிறோம் என்று மார்தட்டும் வளாகம், எதிர்காலச் செலவை அடுத்து வாங்குபவர் தலையில் கட்டுகிறது. 80 வீடு, வீட்டுக்கு 1,200 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு லிஃப்ட் 40 லட்சம், 20 ஆண்டுக்கு ஒருமுறை. வெளிப்பூச்சு 24 லட்சம், 6 ஆண்டுக்கு. மொட்டைமாடி நீர்த்தடுப்பு 12 லட்சம், 10 ஆண்டுக்கு. ஜெனரேட்டர், பம்ப், எஸ்டிபி சாதனங்கள் 40 லட்சம், 15 ஆண்டுக்கு. ஒவ்வொன்றையும் அதன் ஆண்டுகளால் வகுத்துக் கூட்டினால் ஆண்டுக்கு 9.9 லட்சம், வீட்டுக்கு மாதம் 1,030 ரூபாய். விலைகளை உங்கள் மேற்கோள்படி மாற்றிக்கொள்ளுங்கள். வகுக்கும் முறை மாறாது. இந்தப் பணம் அன்றாடச் செலவிலிருந்து பிரிந்த தனிக் கணக்கில் இருக்க வேண்டும்.

சேமிக்காததன் விலை பணத்தோடு நிற்பதில்லை. அமெரிக்காவின் சர்ஃப்சைடில் 2021 ஜூன் 24 அன்று கடலோர அடுக்குமாடி இடிந்து 98 பேர் இறந்தனர். பழுதுபார்ப்புச் செலவைப் பற்றி உரிமையாளர்கள் ஆண்டுக்கணக்கில் இழுபறியில் இருந்த கட்டடம் அது. மறு ஆண்டே ஃபுளோரிடா அரசு பழைய அடுக்குமாடிகளுக்குக் கட்டாய ஆய்வையும், கட்டமைப்புச் சேமநிதியையும் சட்டமாக்கியது. நம் திருவொற்றியூரில் 2021 டிசம்பர் 27 அன்று அரசுக் குடியிருப்பு ஒன்றில் 24 வீடுகள் சரிந்தன. விரிசலைப் பார்த்து மக்கள் முன்கூட்டியே வெளியேறியதால் உயிர்கள் தப்பின.

சென்னையின் உப்புக்காற்றில் கம்பி துரு பிடிக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் எடுத்துக்கொள்ளும். மூடியிருக்கும் கான்கிரீட் உள்ளிருந்து வெடிக்கும். மேஸ்திரி வந்து சிமென்ட் பூசி, பெயின்ட் அடித்துவிட்டுப் போவார். இரண்டு மழைக்குள் அதே இடம் பெயரும். சரியான முறை: கம்பிக்குப் பின்புறம்வரை செதுக்கி எடுத்து, துருவைத் தேய்த்து, மெலிந்த கம்பிக்குத் துணைக்கம்பி கட்டி, துருத்தடுப்புப் பூசி, பாலிமர் கலவையால் நிரப்புவது. செதுக்கிய புதுப் பரப்பில் பினாப்தலீன் கரைசலைத் தெளித்துப் பாருங்கள். இளஞ்சிவப்பானால் கான்கிரீட்டின் காரத்தன்மை மிச்சம் இருக்கிறது. நிறமே வராத ஆழம் கம்பியைத் தொட்டுவிட்டதென்றால், அந்த ஒரு தூணோடு விஷயம் முடியாது. முழு ஆய்வு வேண்டும்.

மும்பையில் 30 ஆண்டு கடந்த கட்டடங்களுக்குக் கட்டமைப்பு ஆய்வு கட்டாயம். சிங்கப்பூரில் குடியிருப்புக் கட்டடங்களுக்குப் பத்தாண்டுக்கு ஒருமுறை. சென்னையில் இப்படி ஒரு காலக்கெடு வேண்டுமென்று கேட்க வேண்டியது அசோசியேஷன்கள்தான். செலவுக்குப் பயந்து அவைதான் வாய் திறப்பதில்லை.

கார் நிறுத்தும் இடம் பற்றி ஒரு வரி: தூண்களுக்கு நடுவேயுள்ள இடத்தைத் தனிச் சொத்தாக விற்க பில்டருக்கு உரிமையில்லை என்று மகாராஷ்டிர வழக்கு ஒன்றில் 2010இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இடத்தின் எண்ணை வரைபடத்தோடு பத்திரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

இடித்துவிட்டு யோசிப்பது

அண்ணா நகர், பெசன்ட் நகர், தி. நகரில் 1980களில் எழுந்த லிஃப்ட் இல்லாத மூன்று மாடி வீடுகளில் இப்போது முழங்கால் வலிக்காரர்கள்தான் அதிகம். எல்லோரும் சம்மதித்தால்தான் இடிக்கலாம் என்ற நிலையை 2022 அடுக்குமாடி உரிமைச் சட்டம் மாற்றி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் போதும் என்றது. அந்தச் சட்டம் வந்ததும் பில்டர்களின் கார்கள் வரிசை கட்டின.

முதல் வேலை, எல்லாப் பத்திரங்களிலும் உள்ள யூடிஎஸ், அதாவது நிலத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ள பிரிக்கப்படாத பங்குகளைக் கூட்டிப் பார்ப்பது. மொத்த நிலத்தைவிடக் கூடும், அல்லது குறையும். பழைய கட்டடங்களில் இது சகஜம். கூட்டுத்தொகை சரியாகும்வரை ஒப்பந்தத்தில் கையெழுத்து வேண்டாம். சம்மதிக்காத மூன்றில் ஒரு பங்கினருக்குப் புதுக் கட்டடத்தில் என்ன கிடைக்கும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். எழுதாமல் விட்டால் அது தடையாணையாகத் திரும்பி வரும். இடைக்கால வாடகைக்கு வாய்ச்சொல் போதாது, வங்கி உத்தரவாதம் கேளுங்கள். புதுக் கட்டடத்துக்கான திட்ட அனுமதி கையில் வரும்வரை ஒரு வீட்டையும் காலி செய்யாதீர்கள். காலியான பிறகு பேரம் பேச உங்களிடம் ஒன்றும் இருக்காது.