பயிற்சிக்குப் போன நாட்டில் கலவரம் வெடித்தால்: ஓட்டக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெடுந்தூர ஓட்டக்காரர்கள் தேடிப் போகும் மலை ஊர்களில் முதலில் நினைவுக்கு வருவது கென்யாவின் இட்டென். சுமார் 2,400 மீட்டர் உயரம், செம்மண் பாதை, கூட ஓட ஆள் பஞ்சமே இல்லை. பெரும்பாலான நாட்களில் அங்கே இருக்கும் பெரிய தொல்லை மழைக்குப் பிறகு காலணியில் ஒட்டும் சேறுதான். ஆனால் 2007 டிசம்பர் 27 அன்று நடந்த தேர்தலின் முடிவு வெளியானதும் பக்கத்து நகரமான எல்டோரெட்டைச் சுற்றி கலவரம் வெடித்தது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் ஓடிய லூகாஸ் சாங் கொல்லப்பட்டார். அந்த வருடத்து மாரத்தான் உலக சாம்பியன் லூக் கிபெட்டுக்குத் தலையில் கல்லடி. சொந்த ஊரில், எல்லோருக்கும் தெரிந்த முகங்களுக்கே இந்த நிலை என்றால், வெளிநாட்டிலிருந்து வந்தவர் ‘நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்’ என்று இருந்துவிட முடியாது.

இந்த மாதிரி சமயத்தில் வீரர்கள் செய்யும் தவறுகளில் பாதிக்கு மேல் சோம்பலாலோ அறியாமையாலோ வருவதில்லை. களத்தில் அவர்களை ஜெயிக்க வைக்கும் பிடிவாதம்தான் காரணம். ஆரம்பித்த பயிற்சியைப் பாதியில் விடக்கூடாது என்று பத்து வருடம் பழகிய உடம்பும் மனசும், ஊர் பற்றி எரியும்போதும் அதையேதான் சொல்லும்.

அதற்கு முன்னால், டிக்கெட் போடும்போதே நடக்கும் தவறு ஒன்று உண்டு. பந்தயத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி முகாம் தேதியைக் குறிப்பவர்கள், அந்த நாட்டின் அரசியல் நாட்காட்டியைத் திறந்தே பார்ப்பதில்லை. பார்த்தாலும் வாக்குப்பதிவு நாளை மட்டும் பார்க்கிறார்கள். 2007-ல் நிலைமை கைமீறியது முடிவு அறிவித்த பிறகுதான். 2017-ல் கென்யாவின் உச்ச நீதிமன்றம் ஆகஸ்ட் மாத அதிபர் தேர்தலை செல்லாது என்று சொல்லி, அக்டோபரில் மறுதேர்தல் நடந்தது. ஆக, ஒரு தேர்தல் என்பது ஒரு நாள் சமாச்சாரம் இல்லை, மூன்று மாதம்கூட இழுக்கும். கென்ய அரசியல் சட்டப்படி பொதுத்தேர்தல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, ஆகஸ்ட் மாதத்தின் இரண்டாவது செவ்வாய். அடுத்தது 2027 ஆகஸ்ட் 10. வருடக் கடைசியில் பெரிய மாரத்தான் வைத்திருப்பவர் இப்போதே குறித்து வைக்கலாம். தேர்தல் மட்டுமில்லை, 2024 ஜூன் 25 அன்று நைரோபியில் கூட்டம் நாடாளுமன்றத்துக்குள் புகுந்ததற்குக் காரணம் ஒரு வரி மசோதா.

சரி, போயாகிவிட்டது. பன்னிரண்டாவது நாள் பிரச்சினை தொடங்குகிறது. உயரத்துக்கு உடம்பு இப்போதுதான் பழகி வருகிறது, முழுப் பலன் கிடைக்க மூன்று வாரமாவது வேண்டும். ‘இந்த வாரம் மட்டும் முடித்துவிட்டுக் கிளம்பலாம்’ என்று தோன்றும். எல்லாத் தவறுகளிலும் இதுதான் ஆபத்தானது, ஏனென்றால் கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரு வாரம் ஓடாமல் இருந்தால் போகும் திறன் மிகக் குறைவு. நல்ல அடித்தளம் உள்ளவர் சீக்கிரமே அதை மீட்டுவிடுவார். சாலை மூடிய பிறகு மூன்று வாரம் ஓர் அறைக்குள் அடைபட்டால் இழப்பது அதைவிட அதிகம்.

எப்போது கிளம்புவது என்பதைக் கலவரத்தின் நடுவில் முடிவு செய்யக்கூடாது. போய் இறங்கிய முதல் நாளே எழுதி வைத்துவிட வேண்டும். விமான நிலையத்துக்குப் போகும் சாலையில் மறியல், ஏதாவது ஒரு விமான நிறுவனம் சேவையை நிறுத்துவது, உங்கள் நாட்டு அரசின் பயண எச்சரிக்கை ஒரு படி ஏறுவது, உள்ளூர்க் குடும்பங்கள் பிள்ளைகளை வேறு ஊருக்கு அனுப்புவது. இவற்றில் ஏதாவது இரண்டு நடந்தால் மறுநாள் காலை கிளம்பல், பேச்சே இல்லை. கடைசியாகச் சொன்ன அடையாளத்துக்கு நான் அதிக மதிப்பு கொடுப்பேன், செய்திகளில் வருவதற்கு முன்பே அது கண்ணில் படும். இந்தக் காகிதத்தின் ஒரு பிரதி ஊரில் இருக்கும் ஒருவரிடம் இருக்கட்டும். அவர் கோச்சாக இல்லாமல் இருப்பது நல்லது. கோச்சுக்கும் அதே அட்டவணை மேல்தானே ஆசை.

‘மோசமானால் விமானம் பிடித்துவிடலாம்’ என்ற நம்பிக்கை அடுத்தது. கலவரத்தில் சீக்கிரம் மூடப்படும் இடங்களில் விமான நிலையமும் ஒன்று. 2016 ஜூலை 15 இரவு துருக்கியில் ராணுவப் புரட்சி முயற்சி நடந்தபோது இஸ்தான்புல் அத்தாதுர்க் விமான நிலையத்துக்குள் ராணுவம் நுழைந்தது. அங்கே விமானம் மாற வேண்டியவர்களும் சிக்கினார்கள். 2022 ஜனவரி 5 அன்று கஜகஸ்தானின் அல்மாட்டி விமான நிலையத்தைக் கலவரக்காரர்கள் கைப்பற்றினார்கள், மறுபடி திறக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. 2025 செப்டம்பரில் காத்மாண்டு விமான நிலையம் மூடப்பட்டபோது, நட்புப் போட்டிக்காக வந்திருந்த வங்கதேசக் கால்பந்து அணி ஹோட்டலிலேயே அடைபட்டுக் கிடந்தது. அவர்களை அழைத்துப் போக அவர்கள் நாட்டு விமானப்படை விமானம் வந்தது. தனியாகப் பயிற்சிக்குப் போன வீரருக்கு அப்படி எதுவும் வராது. தரை வழியாக எந்த எல்லை பக்கம், அதற்கு விசா வேண்டுமா, அந்த நாட்டுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பார்களா என்பதெல்லாம் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

அல்மாட்டியில் இன்னொன்றும் நடந்தது. இணையம் பல நாள் துண்டிக்கப்பட்டதால் கார்டு வேலை செய்யவில்லை, வங்கிகளும் மூடிக் கிடந்தன. எத்தியோப்பியாவில் 2020 ஜூன் கடைசியில் பாடகர் ஹச்சாலு ஹுண்டெசா கொல்லப்பட்ட பிறகு சுமார் மூன்று வாரம் இணையம் இல்லை. சில்லறை நோட்டாக ரொக்கம், காகிதத்தில் எழுதிய தொலைபேசி எண்கள், பாஸ்போர்ட்டின் நகல், இவை படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு பையில் இருக்க வேண்டும். அசல் பாஸ்போர்ட்டை முகாம் அலுவலகத்தில் விட்டுவைக்கவே கூடாது.

இணையம் போனால் வீரருக்கு மட்டும் வரும் தலைவலி ஒன்று இருக்கிறது: ஊக்கமருந்து சோதனைக்கான இருப்பிடத் தகவல். பதிவு செய்யப்பட்ட சோதனைப் பட்டியலில் இருப்பவர் தினமும் எங்கே தங்குகிறார், எந்த 60 நிமிடத்தில் எங்கே கிடைப்பார் என்று தெரிவித்திருக்க வேண்டும். 12 மாதத்துக்குள் மூன்று தவறு சேர்ந்தால் அது விதிமீறல், இரண்டு வருடத் தடை வரை போகும். அவசரமாக முகாமை விட்டு வேறு ஊருக்கு ஓடியவர் அன்றைக்கு இதை நினைத்தே பார்க்க மாட்டார், ஆனால் காகிதத்தில் அவர் இன்னும் பழைய விடுதியில்தான் இருக்கிறார். அதிகாரி போய்க் கதவைத் தட்டினால் ஆள் இல்லை என்று பதிவாகும். உங்கள் சார்பில் தகவலை மாற்ற ஊரில் ஒருவருக்கு முன்பே அதிகாரம் கொடுத்து வையுங்கள், பிறகு ஒரு சாதாரண போன் அழைப்பு போதும். அதற்காகப் பொறுப்பு அவருக்கு மாறிவிடாது, அது எப்போதும் உங்களுடையதுதான். அதையும் மீறித் தவறு பதிவாகிவிட்டால், விளக்கம் கேட்டு வரும் கடிதத்துக்குப் பதில் சொல்ல 14 நாள் உண்டு. ரத்தான டிக்கெட், ஊரடங்கு அறிவிப்பு, இணையத் தடை பற்றிய செய்தி எல்லாவற்றையும் தேதியோடு எடுத்து வையுங்கள். ‘கலவரம் சார்’ என்று மொட்டையாக எழுதினால் எடுபடாது.

ஊரடங்கில் காலியான சாலையைப் பார்த்ததும் கால் துறுதுறுக்கும். போகாதீர்கள். பதற்றமான தெருவில் நடப்பவரைவிட ஓடுபவர் மேல்தான் முதலில் கண் போகும், துப்பாக்கி வைத்திருப்பவரின் கண்ணும்தான். காதில் ஹெட்போன் இருந்தால் ‘நில்’ என்றது கேட்காது. ராணுவப் பச்சை டிசைன் போட்ட உடை, கட்சி நிறத்தில் டி-ஷர்ட், காவலர்களைப் படம் எடுப்பது, கைக்கடிகாரம் பதிவு செய்த பாதையை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் ஏற்றுவது, எல்லாமே வேண்டாத வம்பு.

இன்சூரன்ஸ் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. பல பாலிசிகளில் உள்நாட்டுக் கலவரம் விலக்குப் பட்டியலில் இருக்கும், பிரச்சினை செய்தியான பிறகு வாங்கினால் பயன் இருக்காது, அரசின் எச்சரிக்கையை மீறிப் போனாலும் பணம் வராது. வாங்கும் முன் அந்த ஒரு பக்கத்தைப் படியுங்கள்.

இத்தனைக்கும் நடுவில் மறந்துபோவது கூட இருக்கும் உள்ளூர்க்காரர்களை. 2008 ஜனவரியில், அதே கென்யத் தேர்தல் கலவரத்தின்போது, ரிஃப்ட் பள்ளத்தாக்குச் சாலைகளில் தடுப்பு போட்டு, நீ எந்த இனம் என்று கேட்டார்கள். பயணிக்கு அது ஒரு மணி நேரத் தாமதம். வண்டி ஓட்டுபவருக்கு உயிர்ப் பிரச்சினை. ‘எப்படியாவது விமான நிலையத்தில் விட்டுவிடு’ என்று கூடுதல் பணம் காட்டி அவரைக் கட்டாயப்படுத்தக்கூடாது. எந்தச் சாலையில், எந்த நேரத்தில் தன்னால் போக முடியும் என்பது அவருக்குத்தான் தெரியும், முடியாது என்றால் விட்டுவிட வேண்டும். வேகம் பிடித்துக் கூட ஓடும் பேஸ்மேக்கர், சமையல்காரர், மசாஜ் செய்பவர் ஆகியோருக்குத் தர வேண்டியதை ஊருக்குப் போய் அனுப்பிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல், கிளம்பும் முன்பே ரொக்கமாகக் கொடுத்துவிடுங்கள். இணையமும் வங்கியும் முடங்கினால் நீங்கள் அனுப்பும் பணம் அவர்களுக்குப் போய்ச் சேராது. கடைகள் பூட்டிக் கிடக்கும் அந்த வாரங்களில்தான் அவர்களுக்கு அந்தப் பணம் தேவைப்படும்.