டீன் ஏஜ் பிள்ளைக்குப் புற்றுநோய் என்று தெரிந்தால் வீட்டார் செய்ய வேண்டியவை

பதினாறு வயதுப் பையன் முழங்கால் வலிக்கிறது என்றால் கிரவுண்டில் அடிபட்டிருக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். எண்ணெய் தேய்த்து உருவி விடுவோம், அடங்காவிட்டால் புத்தூர் கட்டு போடக் கூட்டிப் போவோம். ஆஸ்டியோசார்கோமா என்ற எலும்புப் புற்றுநோய் அதிகம் வருவது இதே வயதில், அதுவும் பெரும்பாலும் இதே முழங்காலைச் சுற்றித்தான். பெரும்பாலான வலிக்குக் காரணம் சாதாரணமாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். ஆனால் ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கிற வலி, வாரக்கணக்கில் வடியாத வீக்கம், கழுத்தில் வலியே இல்லாமல் பெரிதாகிற நெறிக்கட்டி, விட்டு விட்டு வரும் காய்ச்சல், ஈறில் ரத்தம், விதையில் கட்டி, இதில் ஏதாவது இருந்தால் எக்ஸ்ரேயோ ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ எடுக்காமல் நாளைத் தள்ளாதீர்கள். என்னவென்று தெரியாத வீக்கத்தை யாரும் உருவ வேண்டாம். விதையில் கட்டி இருப்பதைப் பையன் அம்மாவிடம் சொல்ல மாட்டான், அண்ணனோ மாமாவோதான் பேச்சுக் கொடுத்துக் கேட்க வேண்டும்.

என் தம்பிக்கு 17 வயதில் லுக்கீமியா வந்தது, அதாவது ரத்தப் புற்றுநோய். அப்போதிலிருந்து வார்டில் பார்த்ததையும் மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் கேள்வி, எங்கே காட்டுவது. இந்த வயதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பிள்ளை குழந்தைகள் வார்டுக்கும் பெரியவன், பெரியவர்கள் வார்டுக்கும் சின்னவன். வெறும் கட்டில் பிரச்சினை என்று இதை விட்டுவிட முடியாது. ஏ.எல்.எல். என்கிற ரத்தப் புற்றுநோயில் குழந்தைகளுக்குக் கொடுக்கும் சிகிச்சை முறையை ஒட்டியே 15 வயதுக்கு மேற்பட்ட இளையவர்களுக்கும் கொடுத்தால், பெரியவர்களுக்கான முறையைவிடப் பலன் நன்றாக இருக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால் மருத்துவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: "சார், இவனுக்குக் குழந்தைகள் முறையில் கொடுக்கப் போகிறீர்களா, பெரியவர்கள் முறையிலா, ஏன்?" நல்ல மருத்துவர் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். எலும்புக் கட்டி என்றால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சதை எடுத்துப் பரிசோதிக்கும் பயாப்ஸியை, பின்னால் அறுவை சிகிச்சை செய்யப் போகிற மருத்துவமனையிலேயே செய்துகொள்ளுங்கள். ஊசி தவறான இடத்தில் போனால் காலைக் காப்பாற்றும் வாய்ப்பே குறைந்துபோகலாம்.

1954ல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர், சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, இப்படி இந்த நோய்களைத் தினமும் பார்க்கிற இடங்கள் நமக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. பெரிய கட்டடத்தைப் பார்க்காமல், இந்த நோயை இந்த வயதில் அடிக்கடி பார்க்கிறார்களா என்று பாருங்கள். அப்புறம், லுக்கீமியா சிகிச்சை இரண்டு மூன்று வருஷம்கூடப் போகும் என்பதால் திரும்பத் திரும்பப் போய்வரக்கூடிய தூரத்தில் இருப்பதும் முக்கியம்.

பணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. வி.ஏ.ஓ. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். சிகிச்சை தொடங்கும் முன்பே மருத்துவமனையின் காப்பீட்டு கவுண்டரில் பேசிவிடுவது நல்லது. ரயிலில் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் முழுக் கட்டணச் சலுகை, கூடப் போகிறவருக்கு 75 சதவீதம் சலுகை உண்டு. அதற்கான படிவத்தில் மருத்துவமனையே கையெழுத்துப் போட்டுத் தரும்.

பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்

இதைத்தான் எல்லாவற்றிலும் முக்கியமாக நினைக்கிறேன். நம் வீடுகளில் "ரத்தம் கொஞ்சம் கம்மியாம்", "சின்னக் கட்டிதான்" என்று சொல்லிச் சமாளிப்பது வழக்கம். பதினேழு வயதுப் பிள்ளை மருத்துவமனை போர்டைப் படிக்கும், கையில் ஏறுகிற மருந்தின் பெயரை போனில் தட்டிப் பார்க்கும், பக்கத்துக் கட்டிலில் பேசுவதைக் கேட்கும். எல்லாம் தெரிந்துகொண்டு, நமக்காகத் தெரியாத மாதிரி இருக்கும். அந்தத் தனிமை கொடுமையானது. என் தம்பியிடம் மருத்துவரே நாற்காலியை அவன் பக்கம் திருப்பிப்போட்டு உட்கார்ந்து, நோயின் பெயரையும் என்ன செய்யப் போகிறோம் என்பதையும் சொன்னார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அவன் கேட்ட முதல் கேள்வி, "சார், பப்ளிக் எக்ஸாம் எழுத முடியுமா?" அவனுக்கு அது பெரிய கவலை, நமக்கு அது தோன்றவே இல்லை.

கிரிக்கெட் பார்க்கிற பிள்ளை என்றால் யுவராஜ் சிங்கைச் சொல்லலாம். 2011 உலகக் கோப்பையின் தொடர் நாயகன், அதற்கப்புறம் நெஞ்சுக்குள் கட்டி என்று தெரிந்து அமெரிக்காவில் கீமோ எடுத்துக்கொண்டு, 2012 செப்டம்பரில் மறுபடி இந்திய அணிக்கு ஆடினார். எல்லோருக்கும் அப்படியே நடக்கும் என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள். தெரிந்ததை உண்மையாகச் சொன்னால் போதும்.

18 வயது ஆகிவிட்டால் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடுவதே பிள்ளைதான். அதற்குக் கீழே என்றாலும் ஃபைலை அவர்கள் கையில் கொடுங்கள், கேள்விகளை அவர்களே ஒரு நோட்டில் எழுதட்டும். ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிஷம் நீங்கள் வெளியே வந்துவிட்டு மருத்துவரிடம் தனியாகப் பேச விடுங்கள். சிகரெட், குடி, காதல், உடலுறவு, தற்கொலை எண்ணம், எதுவானாலும் அப்பா அம்மா எதிரில் வராது, ஆனால் மருந்தோடு சம்பந்தப்பட்டவை என்பதால் மருத்துவருக்குத் தெரிந்தாக வேண்டும். மனசு ரொம்பச் சோர்ந்திருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

கீமோ தொடங்கும் முன் கேட்டே ஆக வேண்டிய ஒன்று

பின்னாளில் குழந்தை பெறும் திறன். சில கீமோ மருந்துகளும் இடுப்புப் பகுதிக் கதிர்வீச்சும் அதைப் பாதிக்கும். பையன்களுக்கு விந்தணுவைச் சேமித்து உறையவைக்க ஓரிரு நாள் போதும். பெண்களுக்குக் கருமுட்டை எடுத்துச் சேமிக்க ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும், வேகமாகப் போகும் லுக்கீமியாவில் அவ்வளவு அவகாசம் கிடைக்காமலும் போகலாம், அப்போது வேறு வழி உண்டா என்று கேளுங்கள். முதல் மருந்து ஏறிய பிறகு இந்த வாய்ப்புகள் சுருங்கிவிடும். உயிரே பெரிசாக இருக்கும்போது இதையெல்லாம் எப்படிக் கேட்பது என்று பெரியவர்கள் தயங்குகிறார்கள், மருத்துவரும் அவசரத்தில் விட்டுவிடலாம். தயவுசெய்து நீங்களே கேளுங்கள். பத்து வருஷம் கழித்துக் கல்யாணப் பேச்சு வரும்போது அந்தப் பிள்ளைதான் இதைச் சுமக்க வேண்டியிருக்கும்.

வீட்டில்

ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். கீமோவுக்குப் பிறகு பெரும்பாலும் ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணுக்கள் அடியோடு இறங்கும். அந்தச் சமயத்தில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் என்றால் அது அவசரம். பாராசிட்டமால் போட்டுவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று படுக்கவே கூடாது, நடுராத்திரி என்றாலும் உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். எங்கள் வீட்டில் ஃபைல், ஒரு செட் துணி, ஆட்டோக்காரர் நம்பர் மூன்றும் கதவுக்குப் பக்கத்திலேயே இருந்தன.

டாக்ஸோரூபிசின் என்ற மருந்து செக்கச் செவேல் என்று இருக்கும், வார்டில் எல்லோரும் அதைச் சிவப்பு மருந்து என்றுதான் சொல்வார்கள். அது ஏறிய பிறகு ஓரிரு நாள் சிறுநீர் சிவந்து போகும், ரத்தமோ என்று பிள்ளை பயந்துவிடாதபடி முன்னாடியே சொல்லி வையுங்கள். ஸ்டீராய்டு மாத்திரை நாட்களில் முகம் உப்பும், தூக்கம் வராது, ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பிரியாணி வேண்டும் என்று அடம்பிடிக்கும், சாதத்தில் உப்பு கம்மி என்று தட்டைத் தள்ளிவிடும். அது மருந்தின் வேலை, பிள்ளையின் குணம் மாறிவிட்டது என்று எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போகாதீர்கள். ராத்திரிக்கு என்று கொஞ்சம் இட்லி மாவு இருக்கட்டும். சாப்பாடு வீட்டில் சூடாகச் செய்ததாக இருந்தால் போதும், வெளியே வெட்டி வைத்த பழம், வேகவைக்காமல் அரைத்த சட்னி, ரோட்டோர ஜூஸ் வேண்டாம்.

முள் சீத்தா இலை, பப்பாளி இலைச் சாறு என்று சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். அன்பில்தான் அனுப்புகிறார்கள், ஆனாலும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் கொடுக்காதீர்கள். பச்சையாக அரைத்த சாறு வெள்ளை அணு குறைந்த உடம்பில் கிருமியை ஏற்றிவிடும், சில மூலிகைகள் ஈரலைப் படுத்தி அடுத்த கீமோவையே தள்ளிப்போட வைக்கும்.

பெரிய ஆபத்து நடுவில்தான் வருகிறது. முடி வளர்ந்து, காலேஜ் போய், பிள்ளை நன்றாகத் தெரிகிற காலத்தில் லுக்கீமியாவுக்குத் தினமும் மெர்காப்டோப்யூரின், வாரம் ஒருநாள் மெத்தோட்ரெக்ஸேட் என்று மாத்திரை போய்க்கொண்டிருக்கும். "நல்லாத்தானே இருக்கேன்" என்று விட்டுவிடுவது இந்த வயதில் ரொம்ப சகஜம், அடிக்கடி விட்டால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது. வாரம் ஒருநாள் மாத்திரையைத் தவறித் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. காலண்டரில் அந்தக் கிழமையை மட்டும் வட்டம் போடுங்கள், போனில் அலாரம் அவர்களே வைக்கட்டும். போலீஸ் மாதிரி விசாரிக்காமல் சாப்பிடும் நேரத்தில் கூட உட்கார்ந்திருந்தாலே போதும்.

பள்ளி கல்லூரி விஷயத்தில் மருத்துவச் சான்றிதழை முதல் மாதமே வாங்கிக் கொடுத்துவிடுங்கள். வருகைப் பதிவுக் குறைவுக்கும், கை நடுங்கி எழுத முடியாவிட்டால் தேர்வில் பிள்ளை சொல்லச் சொல்ல எழுதித் தருபவருக்கும் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். நண்பர்களை வீட்டுக்கு வர விடுங்கள், சளி இருமல் இருக்கிறவர்கள் மட்டும் போனில் பேசட்டும்.

சிகிச்சை முடிகிற அன்று ஒரு சுருக்க அறிக்கை கேட்டு வாங்குங்கள். என்னென்ன மருந்து, சிவப்பு மருந்து மொத்தம் எத்தனை மில்லிகிராம், கதிர்வீச்சு எந்த இடத்தில் எவ்வளவு என்று அதில் இருக்க வேண்டும். அந்தச் சிவப்பு மருந்து வருஷங்கள் கழித்து இதயத்தைப் பாதிக்கலாம் என்பதால் அவ்வப்போது எக்கோ எடுக்கச் சொல்வார்கள். கழுத்தில் கதிர்வீச்சு வாங்கியவர்கள் தைராய்டு பார்க்க வேண்டும், நெஞ்சில் வாங்கிய பெண்கள் மற்றவர்களைவிட இளம் வயதிலேயே மார்பகப் பரிசோதனையைத் தொடங்க வேண்டும். அறிக்கையை போட்டோ எடுத்துப் பிள்ளையின் மெயிலுக்கே அனுப்பிவிடுங்கள், வேலைக்கு வேறு ஊர் போனாலும் அங்கே முதல் தடவை மருத்துவரைப் பார்க்கும்போதே காட்டிவிடலாம்.