சிவந்த மண்ணைப் பார்த்ததும் "அடுப்பு" என்று எழுதாதீர்கள்

அகழாய்வுக் குழிக்குப் புதிதாக வருபவர்களைப் பார்த்தால், என் பழைய தவறுகள் ஒவ்வொன்றாக எழுந்து வருவதுபோல் இருக்கிறது. அளவுகோல் வைக்காமல் படம் எடுப்பது, வடக்கு அம்பை மறப்பது எல்லாம் இரண்டு நாளில் சரியாகிவிடும். அவற்றை விடுங்கள்.

எரிந்த மண்ணை மொத்தமாக வழித்தெடுப்பது

இதைக் கண்டால் இன்றும் எரிச்சல்தான். என் முதல் அகழாய்வில் ஒரு மீட்டர் அகலத்துக்கு மண் வட்டமாகச் சிவந்திருந்தது. மேலே சாம்பல், அடியில் கரி. மேலிருந்து ஒரு படம் எடுத்தேன். கரணையால் எல்லாவற்றையும் வழித்து ஒரே பையில் போட்டேன். பதிவுத்தாளில் ஒரே எண், "அடுப்பு" என்று ஒரே சொல். மாலையில் மேற்பார்வையாளர் கேட்டார்: "இங்கேயே எரிந்ததா, வேறெங்கோ எரிந்ததைக் கொண்டுவந்து கொட்டினார்களா?" பதில் பைக்குள் கலந்து கிடந்தது.

அங்கேயே எரிந்திருந்தால் சூடு மேலிருந்து கீழே இறங்கியிருக்கும். மண்ணிலுள்ள இரும்பு காற்றுபடச் சூடாகிச் சிவக்கும். ஆழம் போகப்போகச் சிவப்பு மங்கி, சாதாரண மண்ணோடு கலந்துவிடும். கொட்டிய மண் என்றால் சிவப்புக் கட்டிகள் தாறுமாறாகக் கிடக்கும். அடியில் உள்ள மண்ணில் சூடுபட்ட தடமே இருக்காது. மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால் முதலில் பாதியை மட்டும் எடுங்கள். வெட்டுமுகத்தை வரைந்து, படம் எடுத்து, அப்புறம் மறுபாதி. சாம்பல், கரி, சிவந்த மண் ஒவ்வொன்றுக்கும் தனி எண். பள்ளம் தோண்டி எரித்திருந்தால் அந்தப் பள்ளத்தின் வெட்டுக்கும் ஒன்று. மண்ணில் பதிந்த காந்தத் திசையை வைத்துக் காலம் கணிக்கவும் இடம் அசையாத சுடுமண்தான் வேண்டும். என் பை அதற்கும் உதவவில்லை.

கறுப்பெல்லாம் கரி அல்ல

மாங்கனீசுக் கறையும் கறுப்புதான். லென்ஸில் மர இழை தெரிகிறதா பாருங்கள்.

நிறம் பார்ப்பது

மண்ணின் நிறத்துக்கு எண் தரும் மன்செல் வண்ண அட்டையோடு ஒப்பிடும்போது மண் ஈரமா, காய்ந்ததா என்றும் எழுதுங்கள். காய்ந்தால் நிறம் வெளிறும். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுங்கள். போட்டுக்கொண்டே ஒரு நாள் முழுக்க நிறம் எழுதியவன் சொல்கிறேன்.

அடுக்கு வரிசையைக் கடைசியில் போடலாம் என்பது

எந்த அடுக்கு முந்தியது, எது பிந்தியது என்று காட்டும், தொல்லியலாளர் எட்வர்ட் ஹாரிஸ் 1973இல் வகுத்த அடுக்கு வரைபடத்தை அன்றன்றே போடுங்கள். எது எதை வெட்டுகிறது என்பது கரணை கையில் இருக்கும்போதுதான் தெரியும்.

"அடுப்பு"

"இது அடுப்பு" என்பது போன்ற விளக்கத்துக்குப் பதிவுத்தாளில் தனி இடம் உண்டு. வருணனையில் "சிவந்த களிமண், 4 செ.மீ. தடிமன், கரித்துகள் ஆங்காங்கே" என்று எழுதினால் போதும்.