நம்ம தெரு கதைக்குள் வரும்போது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறுவர் கதை எழுதப் பழகும் ஏழெட்டுப் பேரோடு போன மாதம் பெங்களூரு அல்சூரைச் சுற்றி வந்தேன். ஏரி, சோமேசுவரர் கோயில், பஜார் தெரு. அப்புறம் அவர்கள் எழுதிக் காட்டியதைப் படித்தால், பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் நான் செய்த தவறுகள் அப்படியே இருந்தன. எழுத்துப்பிழை மாதிரியானவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றை யாராவது திருத்திவிடுவார்கள்.

இடத்தைப் பார்த்துவிட்டு ஆண்டை மறப்பது

இதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. என் முதல் சிறுவர் நாவல் 1998 கோடை விடுமுறையில் நடக்கிறது. அல்சூர்ப் பையன் ஒருவன் தினமும் சாயங்காலம் ஏரிப் பக்கம் இருக்கும் திருவள்ளுவர் சிலையருகே கூட்டாளிகளைச் சந்திப்பான். 2012இல் நேரில் போய்க் குறிப்பெடுத்தேன், ஓவியருக்குப் படமும் எடுத்து அனுப்பினேன். புத்தகம் அச்சாகி வந்தது. முதல் வாசிப்புக் கூட்டத்தில் ஒரு அம்மா எழுந்து, "நான் இங்கேயே வளர்ந்தவ சார். சின்ன வயசுல நாங்க வள்ளுவரைப் பார்த்ததே இல்லையே, மூடித்தானே வச்சிருந்தாங்க?" என்றார்.

உண்மைதான். 1991இல் திறப்பதாக இருந்த சிலை, எதிர்ப்பு கிளம்பியதால் 18 ஆண்டுகள் மூடியே கிடந்தது. திறந்தது 2009 ஆகஸ்ட் 9ஆம் தேதி. நான்கு நாள் கழித்து, பதிலுக்குச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையைத் திறந்தார்கள். பத்திரிகைகளில் வந்த செய்தி இது. நான் தேடியே பார்க்கவில்லை. இன்னொரு ஓவியத்தில் மெட்ரோ தூண்கள் வேறு. அல்சூர் வழியாக மெட்ரோ ஓடத் தொடங்கியதே 2011 அக்டோபரில்தான்.

தப்பு அச்சேறியதைவிட, ஒரு நல்ல கதை கைநழுவிப் போனதுதான் எனக்குப் பெரிய இழப்பு. ஒரு பையன் தினமும் போகிற வழியில் ஆளைவிடப் பெரிதாக ஏதோ ஒன்று மூடி நிற்கிறது. உள்ளே யார்? ஏன் மூடினார்கள்? அவருக்கு மூச்சு முட்டாதா? இந்த மூன்று கேள்வி போதுமே ஒரு நாவலுக்கு! நானோ பையன்களை அங்கே உட்காரவைத்துச் சும்மா பேசவைத்திருந்தேன்.

சரி, என்ன செய்யலாம்? கதை நடக்கும் ஆண்டை முடிவு செய்ததும், அப்போது அங்கே பத்து வயதில் இருந்த ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். "அப்போ இங்கே என்ன இல்லை?" என்று கேளுங்கள். என்ன இருந்தது என்று கேட்டால் எல்லோரும் கோயிலையும் ஏரியையும்தான் சொல்வார்கள்.

பெரியவர் உயரத்தில் நின்று பார்ப்பது

குத்துக்காலிட்டு உட்காருங்கள். நமக்குப் பூக்கடை என்றால் கண்ணெதிரே தொங்கும் சரம். ஆறு வயதுப் பிள்ளைக்கு அது பலகைக்குக் கீழே கிடக்கும் ஈரச் சாக்கு, அதில் ஒட்டிய மல்லிகைக் காம்பு, அறுத்துப்போட்ட வாழைநார்.

எல்லோரையும் ஒரே தமிழ் பேசவைப்பது

பாட்டியிடம் "அல்சூர்" என்கிற பிள்ளை, பஸ்ஸில் ஏறினால் "ஹலசூரு" என்று டிக்கெட் கேட்கும். வீட்டில் தமிழ், விளையாடும்போது கன்னடம். இரண்டும் கதையில் இருக்கட்டும்.

நிஜ மனிதரை அப்படியே தூக்கி வைப்பது

கடையை எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரை விட்டுவிடுங்கள்.

தெரு முழுவதையும் எழுதுவது

மூன்று இடம் போதும்.