சிங்கப்பூர் பயணமும் நிக்கோட்டின் பேட்சும்

பெட்டி அடுக்கும் பரபரப்பில்தான் கை சிகரெட்டைத் தேடும். சிகரெட்டை விட முயலும் எனக்கு அப்போது துணை, புகைக்கும் ஆசையைத் தணிக்கும் நிக்கோட்டின் சூயிங்கம். ஆனால் சிங்கப்பூரில் 1992 முதல் சூயிங்கம் இறக்குமதிக்குத் தடை. மருத்துவ வகை மட்டும் 2004 முதல் மருந்தகங்களில் கிடைக்கிறது. சுங்கத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க விருப்பமில்லை. மருத்துவரிடம் கேட்டு, தோலில் ஒட்டிக்கொண்டால் நிக்கோட்டினை மெல்ல உடலுக்குள் விடும் பேட்சுக்கு மாறினேன்.

புறப்படும் நாள் காலை குளித்து, மேல்கையை ஈரம் போகத் துடைத்து, பேட்சை ஒட்டி உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தேன். லேசாக அரித்தது, அவ்வளவுதான். மறுநாள் மற்றக் கை. ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் தோல் சிவந்து எரியும். மருத்துவரின் சீட்டு பாஸ்போர்ட்டோடு இருந்தது.

விமான நிலைய வரியில்லாக் கடையைக் கடப்பதுதான் கடினம். சிங்கப்பூருக்குள் கொண்டுபோகும் ஒற்றைச் சிகரெட்டுக்கும் வரி உண்டு. இந்தக் கண்டிப்பு எனக்குப் பேருதவி; வாங்கும் எண்ணமே எழவில்லை.