பழைய வானொலி நாடகக் கசற்றுகளை வீட்டிலேயே மீட்டெடுக்கும் முறை

அலுமாரியின் அடித்தட்டில் பழைய கசற் ஒன்று அகப்பட்டால் உடனே பிளேயரில் போட்டுவிடாதீர்கள். வானொலியிலிருந்து வீட்டில் பதிந்த நாடகத்துக்குப் பெரும்பாலும் வேறு பிரதி இருக்காது. நாடா ஒரு தடவை ஒழுங்காக ஓடினால் போதும், அந்த ஓட்டத்தைக் கணினியில் பிடித்துவிடலாம். கீழே வரும் ஆயத்தமெல்லாம் அந்த ஒரு ஓட்டத்துக்காகத்தான்.

திருகோணமலையில் இதற்கு ஏற்ற காலம் கச்சான் காற்று வீசும் மே முதல் ஆகஸ்ட் வரை. காற்றில் ஈரம் குறைந்திருக்கும். புழுதி வரும் என்பதால் யன்னலைச் சாத்திவிட்டு வேலை செய்யுங்கள். மாரியில், அதுவும் திருக்கடலூர், உப்புவெளி போன்ற கரையோர வீடுகளில், கசற்றைத் திறந்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

முதலில் கசற்றின் கண்ணாடி வழியே நாடாச் சுருளைப் பாருங்கள். விளிம்பில் வெள்ளைப் பொடியோ நூல் போன்ற படிவோ தெரிந்தால் அது பூஞ்சணம். அப்படியே ஓட்டினால் பிளேயரிலும் ஒட்டி அடுத்த கசற்றுக்கும் பரவும். அதைத் தனியாக, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளுடன் சில நாட்கள் வையுங்கள். ஈரம் போனதும் படிவு உலர்ந்து உதிரும் நிலைக்கு வரும். பிறகு முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே, மென்மையான உலர்ந்த தூரிகையால் தட்டி எடுங்கள். சுவாச நோய் உள்ளவர்கள் இந்த வேலையைச் செய்யவே கூடாது.

அடுத்து, நாடா வெளியே தெரியும் வாய்ப் பக்கத்தின் நடுவில், செப்பு நிறத் தகட்டில் ஒட்டிய சின்னப் பஞ்சுத் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். நாடாவை, பிளேயரில் ஒலியை வாசிக்கும் ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். பசை காய்ந்து அது விழுந்திருந்தால் குரல் மங்கி மங்கி வரும். பலர் நாடா கெட்டுவிட்டது என்று கைவிடுவது இந்த இடத்தில்தான். ஐந்து சிறிய ஸ்குறூ பூட்டிய கசற்றானால், அதே மாதிரி வேறொரு நல்ல கசற்றைத் திறந்து அதன் கூட்டுக்குள் இரண்டு சுருளையும் மாற்றிவிடலாம். கூட்டை மேசையில் படுக்க வைத்தே திறவுங்கள். சுருளின் மேலும் கீழும் இருக்கும் மெல்லிய தாள்களையும் மறக்காமல் போடுங்கள், இல்லாவிட்டால் நாடா உரசி நின்றுவிடும். மூடியதும் முதுகிலுள்ள இரண்டு பிளாஸ்டிக் தாழ்களையும் உடைத்து விடுங்கள். தவறி றெக்கோர்ட் பொத்தானை அழுத்தினாலும் நாடகம் அழியாது.

இனிப் பிளேயர். ஹெட், நாடாவை இழுக்கும் மெல்லிய உலோகத் தண்டு, அதை அழுத்தும் றப்பர் உருளை ஆகிய மூன்றையும் 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோப்பைல் அற்ககோலில் நனைத்த பஞ்சுக் குச்சியால், கபில நிறம் வருவது நிற்கும் வரைக்கும் துடையுங்கள். பார்மசியில் கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் வேண்டாம், சில வகைகளில் எண்ணெய் கலந்திருக்கும். துடைத்த பின் பத்து நிமிடம் காயவிடுங்கள். பாட்டு இழுபட்டு ஓடினால் உள்ளே இருக்கும் பெல்ட் தளர்ந்திருக்கிறது, மாற்றத்தான் வேண்டும். பழுது பார்த்த பிளேயரில் முதலில் இழந்தாலும் பரவாயில்லாத சினிமாப் பாட்டுக் கசற் ஒன்றை ஓட்டிப் பாருங்கள். சி-120 என்ற 120 நிமிடக் கசற்றின் நாடா மிக மெல்லியது. அதை வேகமாகச் சுற்றவே வேண்டாம்.

ஒலியை உண்மையில் மாற்றும் வேலை ஹெட்டின் சாய்வைச் சரிசெய்வது. ஒவ்வொரு றெக்கோர்டரின் ஹெட்டும் சற்று வேறு கோணத்தில் இருக்கும். பதிந்த கோணமும் கேட்கும் கோணமும் பொருந்தாவிட்டால் 'ச', 'ஸ' ஒலிகள் மழுங்கிவிடும். ஹெட்டின் பக்கத்தில் சுருள்வில்லுடன் இருக்கும் சிறிய ஸ்குறூவை, அறிவிப்பாளர் பேசும்போது மிக மெதுவாக, கால் சுற்றுக்கும் குறைவாக, இரு பக்கமும் திருப்பிப் பாருங்கள். அந்த ஒலிகள் கூர்மையாக வரும் இடத்தில் நிறுத்துங்கள். எந்த மென்பொருளாலும் இதை ஈடுசெய்ய முடியாது. இரைச்சலைக் குறைக்கும் டொல்பி பொத்தான் இருந்தால் அணைத்து வையுங்கள். சாதாரண றேடியோ-கசற்றில் பதிந்தவற்றுக்கு அது தேவையில்லை.

பிளேயரின் ஹெட்போன் துளையிலிருந்து கணினியில் வெளிக் கருவியின் ஒலியை வாங்கும் லைன் இன் துளைக்கு வயர் கொடுங்கள். மடிக்கணினியில் பெரும்பாலும் மைக் துளைதான் இருக்கும். அதில் கொடுத்தால் ஒலி வெடிக்கும், ஆகவே லைன் இன் உள்ள யூ.எஸ்.பி. சவுண்ட் கார்ட் ஒன்று வாங்குங்கள். இரைச்சல் கேட்டால் சார்ஜரைக் கழற்றி பற்றரியில் ஓட்டுங்கள். இலவச ஓடாசிற்றி மென்பொருளில் 44,100 ஹேர்ட்ஸ், 16 பிற், ஸ்டீரியோவாகப் பதியுங்கள். பிறகு இடது, வலது ஒலித்தடங்களில் தெளிவானதை மட்டும் வைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் மத்திய அலை, சிற்றலை ஒலிபரப்புகள் மொனோ. அளவுமானி -6 டெசிபெல்லைத் தாண்டாதிருக்கட்டும். ஒரு நிமிடத்துக்குச் சுமார் 10 எம்.பி. பிடிக்கும்.

இரைச்சலை 6 டெசிபெல் அளவுக்கு மட்டும் குறையுங்கள். அதற்கு மேல் போனால் நடிகர்கள் குடத்துக்குள் இருந்து பேசுவதுபோல் ஆகிவிடும். சிற்றலையில் குரல் ஏறி இறங்குவது அந்த இரவின் ஒலிபரப்பிலேயே இருந்தது, அதைத் திருத்த முயலாதீர்கள். விளம்பரங்களையும் நிலைய அறிவிப்பையும் வெட்ட வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறோம். நாடகத்தின் காலத்தைக் கண்டுபிடிக்க அவைதான் துணை. நிலைய அறிவிப்பில் 'ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்' என்று கேட்டால் அது 1967 அல்லது அதற்குப் பின், இலங்கை வானொலி கூட்டுத்தாபனமானது அந்த ஆண்டில்தான். விளம்பரத்தில் வரும் படப் பெயர் ஆண்டை இன்னும் நெருக்கமாகக் காட்டும்.

மூலப் பதிவை, ஒலித்தரம் குறையாமல் சேமிக்கும் ஃபிளாக் கோப்பாக இரண்டு இடங்களில் வையுங்கள், கேட்பதற்கு எம்.பி.3 தனியாக. கசற்றை எறியாதீர்கள். நாடாவை ஒரு பக்கத்துக்கு முழுதாகச் சுற்றி, நிமிர்த்தி, சிலிக்கா ஜெல்லுடன் மூடிய டப்பாவில், தகரக் கூரைச் சூடு படாத அறையில் வைத்து, மாரி தொடங்குமுன் ஜெல்லை மாற்றுங்கள்.

கேட்கும்போது ஒரே ஒரு ஸ்பீக்கர் போதும். சுவர் மூலையில் வைத்தால் குரல் கனத்துப்போகும், ஆகவே காது மட்டத்தில், மூலையிலிருந்து தள்ளி வையுங்கள். மின்விசிறியைக் குறைத்து விடுங்கள். காது மந்தமான அம்மம்மா, தாத்தாவுக்காக ஒலியைக் கூட்டுவதைவிட, அடித்தொனியைக் குறைத்து 2,000 முதல் 4,000 ஹேர்ட்ஸ் வரை 3 டெசிபெல் உயர்த்துங்கள், வசனம் பிரிந்து கேட்கும். அவர்கள் ஒரு நடிகரின் குரலை இனங்கண்டு பெயர் சொன்னால், அப்போதே கோப்பின் பெயரில் சேர்த்துவிடுங்கள்.