கையில் சென்சார் ஒட்டிய பிறகு

இன்சுலின் போடத் தொடங்கி 11 ஆண்டுகள் ஆகின்றன. சர்க்கரை அளவைக் காட்டும் சென்சாரை மேற்கையில் ஒட்டுவது இரண்டாண்டுப் பழக்கம்தான். நான் வாங்குவது 14 நாள் உழைக்கும் வகை.

முதலில் எண்ணெய். வெள்ளிக்கிழமை தேய்த்த நல்லெண்ணெய் சனிக்கிழமையும் தோலில் இருக்கும். அதன்மேல் ஒட்டிய என் முதல் சென்சார் மூன்றாம் நாளே பாத்திரம் துலக்கும் தொட்டியில் விழுந்தது. சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, ஈரம் முழுதும் காய்ந்த பிறகு ஒட்டுங்கள். மேற்கையின் பின்புறச் சதையில், ரவிக்கைக் கையின் விளிம்பு உரசாத இடம் பாருங்கள். அடுத்த முறை மறு கை. ஒட்டிய முதல் நாள் காட்டும் எண்களை நான் முழுதாக நம்புவதில்லை.

இந்தக் கருவி இரத்தத்தை அளப்பதில்லை; தோலுக்கடியில் செல்களுக்கு இடையே உள்ள நீரை அளக்கிறது. அங்கே சர்க்கரை சில நிமிடம் தாமதமாகத்தான் வந்து சேரும். இதை அறியாமல் ஒரு காலையில் சர்க்கரை 64 என்று தாழ்ந்திருக்கக் கண்டு மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைக் கரைத்துக் குடித்தேன். பத்து நிமிடம் கழித்து 61. பயந்துபோய் மறுபடியும் குடித்தேன். ஒரு மணி நேரத்தில் 240! இப்போதெல்லாம் 15 நிமிடம் பொறுத்து, விரலில் குத்திப் பார்க்கிறேன்.

இரவு அலாரம் வேறு கதை. இரண்டு மணிக்கு 54 என்று அலறியது. வியர்வை இல்லை, நடுக்கம் இல்லை. சென்சார் இருந்த கையின் மேலேயே படுத்திருந்தேன். அழுத்தினால் எண் பொய்யாக இறங்கும். விரலில் குத்தினால் 112. அதற்காக அலாரத்தை அலட்சியம் செய்துவிடாதீர்கள். விரலில் குத்திப் பார்க்கும் குளுக்கோமீட்டர் தலைமாட்டிலேயே இருக்கட்டும். அது கைக்கு எட்டாவிட்டால் சர்க்கரையைச் சாப்பிட்டுவிடுவதுதான் பாதுகாப்பு.

எண்ணைவிட, சர்க்கரை ஏறுகிறதா இறங்குகிறதா என்று பக்கத்தில் காட்டும் அம்புக்குறியைப் பாருங்கள். கீழ்நோக்கிய அம்போடு 110 இருந்தால் நான் உடனே சந்தைக்கு நடந்து போவதில்லை. ஏதாவது சாப்பிட்டுவிட்டே கிளம்புகிறேன். நான்கு இட்லிக்கு 210 வரை ஏறும் எனக்கு, இரண்டு இட்லியும் ஒரு கிண்ணம் சாம்பார்க் காயும் என்றால் 165க்குள் நிற்கிறது. உங்கள் உடம்புக்கு வேறு கணக்கு இருக்கும். இரண்டு வாரம் குறித்து வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். இன்சுலின் அளவை நீங்களாக மாற்ற வேண்டாம். வைட்டமின் சி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் அவரிடம் சொல்லுங்கள்; சில சென்சார்களில் அது எண்ணை உயர்த்திக் காட்டும்.

கழற்றும் நாளில் பிய்த்து இழுக்காதீர்கள். ஓரத்தில் தேங்காயெண்ணெய் தடவி ஐந்து நிமிடம் விட்டால் வலியில்லாமல் வந்துவிடும்.